வால் மட்டும் மிச்சம்

மார்ச் 4, செவ்வாய்

கருவி மறுபடியும் மக்கர் செய்கிறது. குகைச் சுவரில் உள்ள மாட்டு ஓவியத்திலிருந்து சுரண்டி வந்த கறுப்பு மொத்தமே கடுகளவு. அது கரியா, தாதுக்கல்லா? கரி என்றால் வயதைக் கணக்கிடலாம். தாது என்றால் கையை விரிக்க வேண்டியதுதான். ஓவியம் பழையது என்று நிரூபிக்காவிட்டால் குகை இருக்கும் குன்று குவாரிக்காரர் கைக்குப் போய்விடும். அப்பா தினமும் “என்னம்மா ஆச்சு?” என்று நச்சரிக்கிறார். நாற்பது வருடத்துக்கு முன் அந்தக் குகையைக் கண்டுபிடித்தவர், விடுவாரா?

மார்ச் 7

கரி. கரியேதான்! இன்று யாரோடும் சண்டை போடவில்லை.

மார்ச் 28

கரியின் வயது தெரிந்துவிட்டது. ஐம்பது வருடம்கூட இல்லை.

தொல்லியல் துறை இயக்குநர் தாளை மேஜைமேல் போட்டார். “யாரோ பொழுது போகாம கிறுக்கியிருக்காங்க. ஃபைலை மூடிருங்க.” என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 29

அப்பா இடிந்துபோவார் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, எந்த இடத்தில் சுரண்டினாய் என்று கேட்டார். கொம்பில் என்றேன்.

“கொம்பு நான் போட்டது.”

கோடுகள் மங்கலாக இருந்ததால் ஃபிலிமில் விழவில்லையாம். அதனால் கரித்துண்டை எடுத்து, இருந்த கோட்டின் மேலேயே இழுத்தாராம். அப்போது எல்லோரும் செய்ததுதானாம். “படத்துல விழலைன்னா யாரும்மா நம்புவாங்க?”

இத்தனை வருஷமா வாயைத் தொறக்கலையே! கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் புகைப்படத்து மாடு, சின்ன வயதில் நான் பார்த்துப் பார்த்து வரைந்த மாடு — அது அப்பா வரைந்ததா? இதுக்கா நான் கெமிஸ்ட்ரி படிச்சேன்?

மார்ச் 30

நான் என் அறையில் சாப்பிட்டேன். அவர் கூடத்தில்.

ஏப்ரல் 2

படத்தைக் கழற்றி, சிவப்புப் பேனாவோடு அவர் முன்னால் வைத்தேன். உங்கள் கோடு எது எதுவென்று காட்டுங்கள் என்றேன்.

கொம்பில் ஆரம்பித்தார். நெற்றி. முதுகு. வயிறு. நாலு கால். நிறுத்தவே இல்லை. போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாலுக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

“இது நல்லாவே தெரிஞ்சுது. தொடலை.”

ஏப்ரல் 5

இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் அப்பா பேர் வருமே, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வாலிலிருந்து இன்னொரு கடுகளவு எடுக்க அனுமதி. இதுதான் கடைசியாம்.

ஏப்ரல் 23

வால் செம்மண். சனியன், செம்மண்ணுக்கு வயது பார்க்க முடியாது.

ஆனால் அதன் மேலே சுண்ணாம்புப் படிவு இருக்கிறது, வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல. கொம்பில் மிஞ்சிய துகளையும் நுண்ணோக்கியில் வைத்தேன். அங்கே படிவின் மேலே கரி. அதாவது, அப்பா மேலே, வால் கீழே. படிவுக்கு வயது பார்க்கலாம். அனுப்பிவிட்டேன்.

ஆனால் கொம்பில் கரிக்கு அடியில் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை. துகள் சின்னது, அதனால் இருக்கலாம். இருக்கலாம்தான். இல்லை, கோடே இல்லாத இடத்தில் அப்பா கொம்பு வரைந்தாரா? அவரைக் கேட்கவா? கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஜூன் 11

படிவுக்கே ஐயாயிரம் வருடத்துக்குக் குறையாது. வால் அதைவிடப் பழையது. குன்று தப்பியது.

அறிக்கையில் ‘மாடு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘வால். என்ன விலங்கு என்று சொல்ல இயலாது’ என்று எழுதினேன். அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

“மாடுதாம்மா” என்றார்.

படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன், சிவப்புக் கோடுகளோடு.