நீ தபாலில் போட்ட என் கடிதம்

பக்கத்து வீட்டுப் பெண் நேற்று ஒரு வார இதழைக் கொண்டுவந்து காட்டினாள். பி.பி.ஏ. படிக்கச் சிறந்த கல்லூரிகள் என்று வரிசை எண் போட்டிருந்தார்கள். அந்த வழவழத் தாளின் மை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல ஞாபகம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிளஸ் டூ முடித்த கோடையில், இதே மாதிரிப் பட்டியலில் முதலில் இருந்த சென்னைக் கல்லூரிக்கு இருவரும் விண்ணப்பித்தோம். எனக்கு இடம் கிடைத்தது. உனக்குக் கிடைக்கவில்லை என்றாய். அப்பாவைச் சம்மதிக்க வைக்க நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது உனக்குத் தெரியும். அப்புறமும் என்னைத் திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு இழுத்துப் போனாய். வாசலில் பஸ்ஸுக்கு நின்ற பெண்களிடம் துருவித் துருவிக் கேட்டாய். வாத்தியார் வகுப்புக்கு ஒழுங்காக வருவாரா, கடை, மார்க்கெட் என்று வெளியே கூட்டிப்போவாரா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுவாரா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான் வந்தது.

"நம்பரா வந்து ஒனக்குப் பாடம் நடத்தப் போகுது? ரெண்டு பேரும் இங்கனயே சேருவோம்டி" என்றாய்.

சென்னை இடம் வேண்டாமென்று கடிதம் எழுதினேன். "குடு, நானே போஸ்ட் பண்ணிட்டுப் போறேன்" என்று வாங்கிக்கொண்டாய்.

முதல் நாள் பஸ்ஸில் கைக்குட்டை போட்டு உனக்கு இடம் பிடித்தேன். நீ வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று சாயங்காலம் தாடிக்கொம்பில் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். உன் அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"அவ முந்தாநாளே மெட்ராஸ் போயிட்டாளே தாயி, ஒங்கிட்டச் சொல்லலையா? வெயிட்டிங் லிஸ்ட்ல மொத ஆளா இருந்தா. எந்தப் புள்ளையோ வேணாம்னு எழுதிக் குடுத்துருச்சாம்."

அந்தப் பிள்ளை நான்தான். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

என் கல்லூரி நன்றாகத்தான் இருந்தது. வாத்தியார் எங்களை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கே கூட்டிப்போய், தக்காளிக்குக் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை ஏன் என்று பாடம் நடத்தினார். நீ கேட்ட கேள்விகள் அத்தனையும் சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. மோசமான கல்லூரியில் என்னைத் தள்ளிவிட்டிருந்தால் உன்னை ஒரேயடியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

போன வருஷம் உன் சாவுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் என்னிடம், "ஒங்க எடத்துலதான் படிச்சேன்னு சொல்லிச் சொல்லி அழுவா" என்றார்.

அவரிடம் அத்தனை முறை சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒரு கார்டு போட உனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தை நீ நேரில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளக்கூட நீ என்னை விடவில்லையேடி. உனக்காக அழ என்னால் இன்றுவரை முடியவில்லை.