வாளிக்கு ஒரு சாண் தள்ளி

களக்காடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சுடலைக்கண்ணுவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பொன்செல்வி எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் பட்டாளப் பயிற்சி முடிக்க இசக்கியம்மனிடம் சொல்லியிருக்கிறேன். முகாமில் ஞாயிறுதோறும் பத்து நிமிடம்தான் உன் போனைத் தருகிறார்கள், அதற்குள் அடங்குகிற சேதி இல்லை இது, அதனால்தான் கடிதம்.

போன மாதக் கடைசியில் வாய்க்கால் படியில் வழுக்கி எனக்குக் கால் பிசகிவிட்டது, பயப்படாதே, இப்போது பைய நடக்கிறேன். பள்ளிக்கூடம் பெருக்குகிற என் வேலையைப் பத்து நாளாகப் பொன்செல்விதான் பார்க்கிறாள். பிளஸ் ஒன் வராந்தாவைப் பெருக்கும்போது உள்ளே கிறிஸ்டி டீச்சர், கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றும்போது கயிறு அறுந்தால் கல் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் வட்டத்தின் நடுவிலிருந்து நேரே வெளியே கோடு போட, ஜன்னலோரம் நின்ற இவள் தன்னையறியாமல் 'இல்ல' என்று சொல்லிவிட்டாள். உள்ளே கூப்பிட்டால் வாரியலோடு போய் நிற்கிறாள். சாக்பீஸைக் கையில் கொடுத்ததும் வட்டத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் ஒரு கோடு போட்டாளாம். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, 'வயல்ல கவண் சுத்தி மயில் வெரட்டுதேன் டீச்சர்' என்று தரையிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் கவணைக் கொண்டுவரச் சொல்லி, மைதானத்தில் வாளி வைத்து வகுப்பையே கூட்டிப்போனார்கள். ஹெப்ரான் என்ற பையன் விட்ட கல் பின்னால் பறந்து சத்துணவுக்கூடத்துத் தகரத்தில் விழ, சமையல்கார சொர்ணாம்பாள் கரண்டியோடு வெளியே வந்து, 'எவம்லே அது, சாம்பாருக்குக் கல்லு போடுதது' என்று கேட்டாளாம். அடுத்து இவள் மூன்று கல் விட்டாள், மூன்றும் வாளிக்குப் பக்கத்தில் விழுந்தன. 'மயில்காரிக்கே குறி தப்பிட்டுலே' என்று ஹெப்ரான் சிரித்தான். டீச்சர் போய்ப் பார்த்தால் மூன்று தடமும் வாளிக்கு ஒரு சாண் தள்ளி ஒரே இடத்தில் கிடக்கின்றன. 'மயிலு மேல பட்டா முருகனுக்கு ஆகாதுல்லா டீச்சர், பக்கத்துலதான் போடணும், கை அப்படியே பழகிட்டு' என்றாளாம் இவள். வாளிக்குள் போடச் சொன்னதும் நாலாவது கல் டங்கென்று உள்ளே. ஏன் மேலே பார்த்து விடுகிறாய் என்று கேட்டதற்கு, 'நேரா விட்டா போகப்போகக் கீழ எறங்கிருமே' என்றிருக்கிறாள். 'இரண்டு வாரமாக நான் படம் போட்டுச் சொன்னது இதுதான்' என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னார்களாம். இந்த இடத்தில் எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டாள், அதட்டி எழுத வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வீட்டுக்கே வந்தார்கள். பத்தாவதோடு நின்று ஒரு வருசமானாலும் பரவாயில்லை, மாதக் கடைசிக்குள் சேர்த்துவிடலாம் என்றார்கள். ஆனால் நீ இவளைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ப்பதாகத் தேவேந்திரன் மாமாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாய், அவர் இருபதாம் தேதி கூட்டிப்போக வருகிறார். நானும் அன்றைக்குச் சரியென்றுதான் சொன்னேன், போன வருசம் என் வைத்தியச் செலவுக்காகப் படிப்பை நிறுத்திய பிள்ளை, இப்போது நினைத்தால் கூசுகிறது. வருகிற ஞாயிறு போன் கைக்கு வந்ததும் முதலில் மாமாவிடம் பேசி வேண்டாம் என்று சொல்லிவிடு, நீ கொடுத்த வாக்கை நீதான் திருப்பி வாங்க வேண்டும். அதன்பிறகு நான் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். 'ஏட்டி, உனக்குப் படிக்க இஷ்டமா' என்று இவளிடம் நாலு தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, ராத்திரி காலுக்கு எண்ணெய் போடு. இசக்கியம்மன் உன் கூடவே இருப்பாள். மாமாவிடம் பேச மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
முத்துராணி

அண்ணனுக்கு, அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அவள் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டேன், இது நானாக எழுதுவது. எனக்குப் படிக்கப் போக வேண்டும்.