தேன்மலருக்குக் கிடைத்த அண்ணன்கள்

செந்துறை
திங்கட்கிழமை

மகன் முத்தமிழ்செல்வனுக்கு அம்மா எழுதுவது.

உன் தங்கையை அடிக்கிறவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பச் சொன்னவன் நீதான். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பிட்டுத் தூங்கி எழுகிற அளவுக்கு இருக்கிறோம். பிரவீணாவுக்குத் தோள் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் தலை பின்ன இடது கை இன்னும் மேலே வரவில்லை, நான்தான் பின்னிவிடுகிறேன். நீ சிங்கப்பூரில் நன்றாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், உடம்பு முடியாதவன் ஒரு டி.வி. நாடகத்துக்காக இப்படித் தொண்டை கிழியப் பேச மாட்டான். நான் அனுப்புகிற வாய்ஸை எல்லாம் நீ கேட்டுவிட்டதாக போன் காட்டுகிறது, பதில்தான் வரவில்லை. அதனால் லீவு முடிந்து திரும்புகிற அறிவரசன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன் ரூமில் இருக்கிறவன்தானே, நீ படித்து முடிக்கிறவரை பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

தேன்மலர் தொடர் முடிந்ததற்கு நீ அங்கே என்ன பாடு பட்டாய் என்று தெரியாது, இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன். போன சீசனில் புருஷனிடம் அடிபட்டு வெளியே வந்த தேன்மலர், இந்தக் கடைசி சீசன் முழுக்கத் தையல் கடை வைத்து நிமிர்ந்து நின்றுவிட்டு, கடைசி வாரத்தில் அவனுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலில் போய் நின்றாளே, அன்றைக்கு எங்கள் முந்திரிக் கொட்டகையில் ஒருத்தியும் கொட்டை உடைக்கவில்லை. போனைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி. வீராயிதான் எல்லாரையும்விடச் சத்தமாக, "எட்டி ஒதைச்சவன் வூட்டுக்கு எவளாச்சும் திரும்பிப் போவாளாடி? இந்தக் கதைய எழுதுனவன் மட்டும் எங்கையில கெடைக்கட்டும், கொட்டை எண்ணெய எடுத்து மூஞ்சில பூசி வுட்டுர்றேன்" என்றாள். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்று உனக்கே தெரியும். ஆண்டாயி மத்தியானச் சோற்றைத் தொடாமல் மாட்டுக்குக் கொட்டினாள். இதே வீராயி, பிரவீணா அடிபட்டு வீட்டுக்கு வந்த மறுநாள் பார்க்க வந்தாள். பிள்ளையின் தோளைப் பார்த்தாள், தொட்டும் பார்த்தாள், பார்த்துவிட்டு, "புருசன்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான், போயிப் பொழைக்கிற வழியப் பாருடி" என்றாள். தேன்மலர் மட்டும் போகக் கூடாதா என்று கேட்டேன். "அவளுக்குத் தையக்கடை இருக்கு, ஒம் பொண்ணுக்கு என்னாடி இருக்கு?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அவள் மனதில் இருந்ததை என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். நீ அதைக்கூடச் செய்யவில்லை.

ரெட்டிபாளையம் முக்கத்தில் உங்கள் ரசிகர் கூட்டமான தேன்மலர் படை ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்று அந்த முக்கத்தில் குடத்தோடு பெண்கள் உட்கார்ந்தபோது எட்டிப் பார்க்காத பையன்கள், இல்லாத பெண்ணுக்காக எட்டடி உயரத்துக்குத் தட்டி கட்டியிருக்கிறார்கள். "எங்கள் தங்கையை அனுப்பாதே" என்று சிவப்பு எழுத்து, மேலே கூலிங்கிளாஸோடு நீ, கீழ் வரிசையில் சிமெண்ட் ஆலைச் சட்டையோடு கைகூப்பி நிற்கிறான் உன் மச்சான் மணிவண்ணன். கூப்பிய அந்தக் கைகளை எனக்குத் தெரியும், என் மகளின் தோளுக்கும் தெரியும். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு பஸ்ஸில் வரும்போது பிரவீணாதான் முதலில் பார்த்தாள். "இங்க பாரும்மா, பொண்ண அனுப்பாதன்னு அவரே சொல்றாரு, அப்பறம் ஏன் ஆள் அனுப்புறாங்க?" என்று சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நீ பேசி அனுப்பிய ஆடியோ கொட்டகையில் எல்லார் போனிலும் இருக்கிறது. "கைய நீட்டுனவன்கிட்ட ஒரு பொண்ணத் திரும்ப அனுப்புறவன் மனுசனே இல்லைங்க, அவன் அண்ணனா இருந்தாலும் சரி அப்பனா இருந்தாலும் சரி" என்று அழுதுகொண்டே பேசுகிறாய். என்ன பிள்ளையடி பெத்திருக்கே என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். நானும் நம்பினேன். நேற்று மணிவண்ணனின் பெரியப்பா வீரமுத்து நாலு ஆளோடு பேச வந்தார். அனுசரித்துப் போக வேண்டும், ஆண்பிள்ளைக்குக் கோபம் வரத்தான் செய்யும் என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா வழக்கம்போலப் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் போனை எடுத்து வந்து உன் ஆடியோவைப் போட்டேன், என் மகன் என்ன சொல்கிறான் கேளுங்கள் என்று. முடிந்ததும் வீரமுத்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாக, "சம்பந்தியம்மா, இது நாடகத்துக்குச் சொன்னதுங்க. நம்ம பொண்ணு விசயத்த தம்பி போன வாரமே எங்கிட்ட போன்ல பேசிட்டாப்ல. நல்ல நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க, அம்மா கத்துனாலும் கண்டுக்காதீங்கன்னாப்ல" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். உன் குரலை நானே போட்டுக் காட்டி நானே அவமானப்பட்டேன். உள்ளேயிருந்து பிரவீணா கதவருகே வந்து, "அண்ணனா அப்புடிச் சொன்னுச்சு?" என்று கேட்டாள். உன் அப்பா குனிந்து கோரையையே கிள்ளினார். அவள் அழவில்லை, திரும்பிப்போய் அரிசி களைந்து உலை வைத்தாள்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. குரும்பலூரில் உனக்குப் பெண் பேசி வைத்திருக்கிறது, தங்கை வாழாமல் வீட்டோடு இருந்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெண் சுவாதி நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள். நாளைக்கு அவள் தோள் வீங்கித் தன் வீட்டு வாசலில் போய் நின்றால் அவள் அண்ணன் யாருக்கு போன் போடுவான் என்று யோசித்துப் பார். டி.வி. பெண்ணுக்கு அழுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவள் வீட்டுக்கு வந்து உட்கார மாட்டாள், கல்யாணத்தைக் கெடுக்க மாட்டாள், ஒரு வாய்ச் சோறு கேட்க மாட்டாள். அதனால்தான் அவளுக்கு இத்தனை அண்ணன்கள்.

அடுத்த ஞாயிறு வேனோடு வருவதாக வீரமுத்து சொல்லிவிட்டுப் போனார். நான் வாசலில் குறுக்கே நிற்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் உன் அப்பா, "பையன் வார்த்த குடுத்துட்டான், அவன் மொகத்துல கரியப் பூச முடியுமா" என்கிறார். மகளின் முதுகில் இருக்கிற அடித் தழும்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, கடல் தாண்டி இருக்கிற உன் முகம் தெரிகிறது. இந்த வீட்டில் என் சொல்லுக்கு மரியாதை இருந்தால் இத்தனை பக்கம் எழுத வேண்டியதில்லை. கொடுத்த வார்த்தையை நீதான் திரும்ப வாங்க வேண்டும்.

வேலை இடத்தில் ஹெல்மெட் போடாமல் நிற்காதே. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. அறிவரசனிடம் எள்ளுருண்டை கொடுத்திருக்கிறேன், பாதி பிரவீணா ஒற்றைக் கையால் பிடித்தது. என்ன கோபம் இருந்தாலும் பெற்றவள் வாயில் வேறு சொல் வராது, கை கால் சுகத்தோடு நெடுங்காலம் இரு சாமி.

உன் அம்மா
இரா. புவனேஸ்வரி

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வீரமுத்துவுக்கு போன் போட்டு, "என் தங்கச்சி வரமாட்டா, நான் சொன்னது தப்பு" என்று உன் வாயால் சொல். சொல்வாயா, மாட்டாயா?