வெட்டுப்பட்ட பொன்னாடைகள்

திருவள்ளுவர் ஆண்டு 2025 (கி.பி. 1994)

ஐப்பசி 6, ஞாயிறு. விடாத தூறல்.

காரமடையிலிருந்து திரும்ப நெடுநேரம். வேட்டி பேருந்துப் படிக்கம்பியில் மாட்டி மீண்டும் கிழிசல், பழைய ஒட்டுக்கு அடுத்தாற்போல். தொண்டை கட்டு. மிளகு, பனங்கற்கண்டு.

எழுதவேண்டியது இதுவன்று. நேற்று மேடையில் எனக்கு முன்பு வெற்றியழகன். எல்லாப் பட்டிமன்றங்களிலும் என் எதிரணி. முடிக்கையில் முழங்கினார்: "ஒட்டுப் போட்ட இடம் மறுபடி கிழியாது! பக்கத்து இடந்தான் கிழியும்! ஆகவே கிழிந்ததைப் பார்த்து அழாதீர், கிழியப்போவதைப் பாருங்கள்!" கையொலி அடங்கவே இல்லை.

அது என் சொல். சில கிழமைகளுக்கு முன் குளிக்கையில் தோன்றியது. வரும் ஞாயிறு காந்திபுரம் நிறைவுரைக்கென மூடிவைத்தது. எந்த மேடையிலும் சொன்னதில்லை. வீட்டில் ஒத்திகை மட்டும். எனவே வீட்டுக்குள்ளிருந்துதான் வெளியேறியிருக்கிறது.

ஐப்பசி 7, திங்கள். வெயில்.

விடைத்தாள் திருத்தம் மீதி. எட்டாம் வகுப்பில் ஒருவன் 'வல்லினம்' என்பதற்கு விளக்கமாக என்னையே எழுதியிருக்கிறான்.

பொன்னாடைப் பெட்டியைத் திறந்தேன். பொள்ளாச்சியில் போர்த்திய மஞ்சள் காணவில்லை. அவிநாசிப் பச்சையில் ஒரு மூலை இல்லை. எலியின் பல் இவ்வளவு நேராக வெட்டாது.

கலைச்செல்வியைக் கேட்டேன். (என் மனைவி. பிறந்தகத்திலும் தெருவிலும் சரசு. அவ்வடமொழிப் பெயரை நீக்கித் திருமணநாளில் நான் சூட்டிய பெயர் இது. அழைப்பதும் நான் ஒருவனே.)

"பொட்டிக்குள்ளதானுங்க இருக்கும், நல்லாப் பாருங்க" என்றாள். பார்வை முறத்து அரிசியில். மகள் மலர்விழி திடீரென நீர் குடிக்க எழுந்து போனாள். அவள் தோள் குலுங்கியது.

காணாமற்போனவை இரண்டு: என் ஆடை, என் சொல். எடுத்த கை ஒன்றே என்பது என் துணிபு.

ஐப்பசி 9, புதன். மாலையில் இடி.

நான் பள்ளியிலிருக்கும் பிற்பகல்களில் நடுவறையில் ஒட்டுப்போர்வைத் தையல் நடக்கிறது. கலைச்செல்வி தவிர இருவர். ஒருவர் கோட்டைமேட்டு மும்தாசு. கணவர் தையற்கடை வைத்திருக்கிறார். தீபாவளி நெருக்கத்தில் வெட்டுத்துணி அங்கிருந்து மூட்டையாக வருகிறது. மற்றவர் பீளமேட்டு ராசாமணி. வீட்டில் தெலுங்கு பேசுபவர். இதுவரை அறிந்தது அவ்வளவே. இன்று கேட்டேன்.

"ராசாமணியின் கணவர் யார்?"

"வெற்றியழகனுங்க."



"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

என் நடுவறையில், என் மின்விசிறியின் கீழ், எதிரணியின் செவி! தையலை நிறுத்தச் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"நிறுத்தோணும்னா நிறுத்திப்போடறனுங்க. வெள்ளிக்கெழம அவங்க வருவாங்க. எதுக்குன்னு நீங்களே வந்து சொல்லிப்போடுங்க. என்ர வாயில அது வராதுங்க."

ஐப்பசி 10, வியாழன்.

வீட்டில் பேச்சில்லை. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதுவே அச்சம்.

மலர்விழி வாசலில் மறித்தாள். "அப்பா, அம்மா சிரிக்கறதே அந்த மத்தியானம் ஒண்ணுலதான். அதையும் நிறுத்திப்போட்டா அப்பறம் என்னப்பா இருக்குது?"

செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினேன். மேடையில் எவனுக்கும் விடை சொல்வேன். இவளையும் அவர்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களோ?

ஐப்பசி 11, வெள்ளி. புழுக்கம்.

அரைநாள் விடுப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து என் குரல். அவிநாசி உரை, மலர்விழி பதிவு செய்த ஒலிநாடா. நடையிலேயே நின்றுவிட்டேன்.

"நிறுத்து, நிறுத்து" என்றது மும்தாசின் குரல். "'காஜா எடுக்காத சட்டைக்கு எத்தனை பொத்தான் வெச்சு என்ன'ன்னு சொல்றாரு பாரு! அது எங்கூட்டுக்காரரை நான் வையறது! அதை அவிநாசி வரைக்கும் கொண்டுபோயிருக்கறாரு உங்கூட்டுக்காரரு!"

சிரிப்பு. பிறகு ராசாமணி:

"எங்காளு மட்டும் என்ன? ஒட்டுப் போட்ட இடம் கிழியாதுன்னு சரசு சொன்னதை, சோறு போடறப்ப வாய் தவறிச் சொல்லிப்போட்டேன். காரமடையில முழங்கிட்டு வந்து, 'ராத்திரி பூரா யோசிச்சேன்'ங்கறாரு. ராத்திரி பூராக் கொறட்டை!"

"எங்கூட்டவரு வேட்டிக்கு ஒட்டுப் போடறப்பத்தான் அதைச் சொன்னேன்" என்றாள் என் மனைவி. "அவரு குளிச்சுட்டு இருந்தாரு. தண்ணிச் சத்தத்துல காதுல உழுவலீன்னு நெனச்சேன்."

குளியலறைச் சுவரும் தையற்பொறிச் சுவரும் ஒன்று.

உள்ளே சென்றேன். மும்தாசு முக்காட்டை இழுத்துக்கொண்டார். ராசாமணி ஒலிநாடாவைப் புடைவைக்குள் மறைத்தார். தரை நிறைய ஒட்டுப்போர்வை. நடுவில் தையற்கடைத் துண்டுகள். இடவிளிம்பில் பொள்ளாச்சி மஞ்சள், அவிநாசிப் பச்சை, இன்னும் என் தோளேறிய பலவும். வலவிளிம்பில் வெற்றியழகனின் பொன்னாடைகள். இம்மூவரில் எவர் சொல்லைக் கணவர் எவர் மேடைக்கு எடுத்தாலும், அக்கூட்டத்தில் போர்த்திய ஆடையில் ஒரு துண்டு இங்கே தைக்கப்படுமாம். மூவர் வைத்த சட்டம்.

இடவிளிம்பு வலவிளிம்பைவிட நீளம்.

"ஏன் என் பொன்னாடையை வெட்டினாய்?"

"எங்க பேச்சுக்குப் போத்துனதுதானுங்களே."

கீழ் மூலையில் செந்துணி, அதன்மேல் வரிவரியாகப் பச்சை. அது எவருடையது என்றேன்.

"அது உங்களுதுங்க" என்றாள். "மழை பேஞ்ச செம்மண்ணுல கடலைச்செடி வரிசையைப் பத்தி அன்னூர்ல பேசுனீங்களே. கேட்டுட்டு ரெண்டு நாள் எனக்கு வேற எதுவும் ஓடலீங்க. அதைத்தான் தெச்சேன். இவங்ககிட்ட மொதல்லயே சொல்லிப்போட்டேன், இது அவரோடதுன்னு. நாங்க எடுத்தாச் சொல்லிப்போட்டுத்தான் எடுப்பமுங்க."

"அண்ணா, என்னமோ சொல்லோணும்னு வந்தீங்களாமே?" என்றார் மும்தாசு.

வாய் திறந்தேன். ஒரு குவளை குளம்பி கேட்டேன்.

பின்னிரவுக் குறிப்பு: மூவரும் கூடிப்பேசி ஒப்பித்தார்களோ? இல்லை. அந்தப் பச்சை வரிகளை ஒப்பிக்க முடியாது.

ஐப்பசி 13, ஞாயிறு. காந்திபுரம்.

தீபாவளித் துணிக்கூட்டத்தை நீந்தி மேடை சேரவே மூச்சு முட்டியது. பெண்கள் பக்கத்தில் மூவரும் ஒரே வரிசையில். நிறைவுரையில் அந்த ஒட்டுச் சொல்லைச் சொன்னதும் நிறுத்தினேன். "இதைச் சொன்னது நானல்லன். என் இல்லத்தரசி!" பெருங்கையொலி. வெற்றியழகன் தம் செருப்பையே பார்த்திருந்தார். எனக்கு வெண்பொன்னாடை.

நகரப் பேருந்தில் அவளுக்கு இருக்கை கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்தபடி. பாராட்டை எதிர்பார்த்துக் குனிந்தேன்.

"இல்லத்தரசின்னா யாருங்க?"

"நீதான்."

"கூட்டத்துக்கு எப்படீங்க தெரியும்? ஊட்டுக்கு ஊடு ஒருத்தி இருக்கறா."

"அடுத்த முறை கலைச்செல்வி என்றே சொல்கிறேன்."

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆற்றுப்பாலம் தாண்டிய பின் சொன்னாள்: "அது நீங்க வெச்ச பேருங்க. ஒட்டுப் போட்டது சரசு."

ஐப்பசி 14, திங்கள். வானம் வெளுப்பு.

வெண்பொன்னாடையைக் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளி சென்றேன்.

தையல் தொடரலாம் என்று மலர்விழியிடம் சொல்லியனுப்பினேன். "அது எப்பவோ தொடங்கியாச்சுப்பா" என்றாள்.

என் மேடையில் வடமொழிப் பெயர் ஒன்றும் ஒலித்ததில்லை. வடமொழிப் பெயர் கொண்ட தலைவர்களையே தமிழ்ப்படுத்தி விளித்து வசை வாங்கியவன் நான். மதுக்கரைக் கூட்டம் வெள்ளியன்று. அவளுடைய அந்தப் பெயரை அங்கு சொல்வதா? அங்கும் எனக்கு முன்பு வெற்றியழகன். முந்திக்கொண்டு அவர் ராசாமணி பெயரைச் சொல்லிவிட்டால்? சொல்லக்கூடியவர்தான்.

மாலை. பொன்னாடை மடிப்புக் கலையாமல் அங்கேயே. கத்தரிக்கோலும் இடம் மாறவில்லை.

சரசு தொடவில்லை.