தையல் வெளியே தெரிகிற சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தம்பியும் சுகம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுதப் போனேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், பாதி விஷயம் பாதியிலேயே நின்றுவிடும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டியதே நான்தான் என்று நினைப்பு. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் மூன்று வாரமாக நாளைக்கு வருகிறார். நீ அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி இன்டர்வியூவுக்குப் போனான், எல்லாம் நன்றாக நடந்தது என்று சொன்னேன் இல்லையா, அதில் போட்டுக்கொண்டு போனது மட்டும்தான் உண்மை.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அவன் தற்காலிகமாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. எந்தப் பழைய ஃபைல் எந்த அலமாரியில் என்று கம்ப்யூட்டர் யோசிப்பதற்குள் அவன் எடுத்து நீட்டிவிடுவான் என்று அந்த ரூம் மேடம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவன் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. போன மாதம் டாக்டர் கேட்ட ஃபைலோடு வராந்தாவில் போயிருக்கிறான். புதிதாக வந்த காவலாளி சட்டையைப் பார்த்திருக்கிறார், கேட்டதற்கு இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறார், மனநல வார்டிலிருந்து யாரோ தப்பி வந்துவிட்டார் என்று கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அடையாள அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் பைதான் உள்ளே போய்விட்டதே. இங்கேயே உட்கார் என்று சொன்னார்களாம், உட்கார்ந்திருக்கிறான், ஒன்றரை மணி நேரம். மேடம் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் விட்டார்கள். தப்பு காவலாளியுடையது, ஆனால் பேச்சு முழுக்கத் தம்பியின் சட்டையைப் பற்றித்தான் நடந்தது. நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ என்று கடிதம் வந்தபோது அதன் அடியில் உரிய உடையில் வரவும் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் கண்டக்டர் உடுப்பில் மடிப்புக் கலையாமல் நின்றவன் நான். ஏறுகிறவன் சட்டையைப் பார்த்தே இவன் டிக்கெட் எடுக்கமாட்டான் என்று சொல்லிவிடுவேன் என்று உன்னிடமே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன், எத்தனை தடவை தவறினேன் என்று மட்டும் சொன்னதில்லை. நீலச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். நேராகத்தான் போட வேண்டும், மேல் பட்டன் வரை போட வேண்டும் என்றேன். மாட்டேன் என்றான். அம்மா விட்டுவிடுங்கள் என்றாள். நான் விடவில்லை. எனக்காக ஒரே ஒரு தடவை என்று கேட்டேன், அவனிடம் அப்படி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டான். அந்த ரூமை விட்டு வெளியே வரும் வரைக்கும் என்றேன். போட்டுக்கொண்டான்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது, வாசலைத் தாண்டியதும் தம்பி பட்டனைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். பேச்சு அதுதானே. பின்னாலேயே அந்த மூன்று பேரும், ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை என்று பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கு மானம் போகிறது என்று தோன்றியதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை, ஓடிப்போய் அவனுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீடு வரைக்கும் விடவில்லை. அந்தக் காவலாளி ஒரு கையைத்தான் பிடித்தார். வீட்டுக்கு வந்து அம்மா அவன் சட்டையைக் கழற்றியபோது கழுத்தைச் சுற்றியும் இரண்டு தோளிலும் தையல் போன வழியெல்லாம் சிவந்து தடித்திருந்தது. சொறிந்து சொறிந்து ஓர் இடத்தில் தோலே போயிருந்தது. கேட்டதற்கு ஏன்டா பதில் சொல்லவில்லை என்று அப்போதும் நான் விடாமல் கேட்டேன். "சட்டை ரொம்ப சத்தமா இருந்துச்சுப்பா, அவங்க கேட்டது எனக்குக் கேக்கல" என்றான்.

ஆர்வம் இல்லை, ஒத்துழைப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள். மேடம் சண்டை போட்டு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறார், வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. எப்பவும் வர்ற மாதிரியே வரட்டும் சார், நான் பக்கத்துல இருப்பேன் என்று போனில் சொன்னார். இதுவும் போனால் மாதக் கடைசியோடு தற்காலிக வேலையும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் போன பிறகு அவன் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் வேண்டும் பாப்பா, அந்த இடம் அந்த ரூம்தான். திருப்பிப் போட்ட சட்டையோடு போனால் அவன் பேசுவான், அவர்கள் கேட்பார்களா தெரியவில்லை. நேராகப் போட்டுக்கொண்டு போனால் அவர்கள் கேட்பார்கள், அவன் பேசமாட்டான். ஒரு வாரமாக இதே யோசனைதான்.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. என் வெள்ளைச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் கிளம்பினேன். தெருமுனையில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பதினொரு வருடமாக என்னை சார் என்று கூப்பிடும் மருந்துக் கடைக்காரர் அன்று சார் சொல்லவில்லை. மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னார், வீட்டில் கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அதற்கப்புறம் ரொட்டி வாங்கப் போக வேண்டும், போகவில்லை. அரை மணி நேரம்கூட என்னால் தாங்க முடியவில்லை. படியேறும்போது தம்பி வேலை முடிந்து பின்னால் வந்தான். இரண்டு படி கீழேயே நின்று என் முதுகைப் பார்த்தான். "உங்களுக்கும் குத்துதாப்பா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எனக்குக் குத்தியது தையல் இல்லை, ஆனாலும் ஆமாம் என்றேன். உள்ளே போய் அம்மாவின் சின்னக் கத்திரிக்கோலை எடுத்து வந்து, என் கழுத்துப் பட்டியிலிருந்த லேபிளை ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் வெட்டி எடுத்துவிட்டான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அம்மாவுக்குத் தெரியாது.

அவனுக்கு ஆறு வயதில் டாக்டரம்மா ஆட்டிசம் என்று சொல்லி, நமக்கு உறைக்காத தையல் அவனுக்கு முள்ளாக இருக்கும் என்று விளக்கியபோது நீயும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மறுநாள் காலையிலேயே வாசல் கதவருகே நிறுத்தி அவன் சட்டையை நேராக்கிப் போட்டுவிட்டேன், மனுஷன் மாதிரி போ என்று சொல்லி. இன்டர்வியூவுக்கு முன்னால் போனில் நீ அவனை மனுஷன் மாதிரி டிரஸ் பண்ணி அனுப்புங்கப்பா என்றாய். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் உன்மேல் கோபம் இல்லை, அது நான் கொடுத்த வார்த்தை. குட்டி சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அழுகிறாள், இரண்டு அடி கொடுத்தேன் என்று எழுதியிருந்தாய். அடுத்த தடவை அடிப்பதற்கு முன்னால் அந்த சாக்ஸை ஒரு தரம் திருப்பிப் போட்டுப் பார் அம்மா.

இனிமேல் சட்டை அனுப்பாதே. நீலச் சட்டையும் அவனுடைய பழைய சாம்பல் சட்டையும் ஒரே கொடியில் தொங்குகின்றன. திங்கட்கிழமை அவன் எதை எப்படி எடுத்துப் போடுவானோ தெரியாது. கிளம்பும் நேரத்தில் நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக வாசல் கதவருகே நான் நிற்கமாட்டேன். உட்கார முடியுமா என்றுதான் தெரியவில்லை, அதனால் என்னைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், குட்டிக்குத் தாத்தாவின் முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மறக்காமல் திங்கட்கிழமை எட்டரை மணிக்குத் தம்பிக்குப் போன் செய், அக்கா குரல் கேட்டால் அவனுக்குத் தெம்பு. எது வேண்டுமானாலும் பேசு, என்ன போட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா