பக்கத்துல எடமிருக்குது

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை.
சத்தியமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எங்கள் கார்ட்டூனைப் போட்டுக் காட்டினோம். டிவிக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகள் பார்த்தாக வேண்டும் என்பார் டைரக்டர் பிரபு. பாட்டு நான் எழுதியது. யானைக்குட்டி ஆடிக்கொண்டே 'எல்லாரும் ஒண்ணு, எல்லாரும் சமம்' என்று பாடும். இரண்டாம் முறையே மொத்த வகுப்பும் கூடப் பாடியது. பிரபு வீடியோ எடுத்து மாளவில்லை.
மதியம் சத்துணவு. ஊர்ப் பிள்ளைகள் வராண்டாவில் ஒரு பக்கம். காலனிப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி ஓரம். நடுவில் வெறும் தரை. இரண்டு பக்கமும் என் பாட்டைப் பாடிக்கொண்டே சாப்பிட்டன.
டீச்சரைக் கேட்டேன். "நாங்க பிரிச்சு ஒக்கார வெக்கறதில்லீங்க. ஊட்டுல சொல்லி அனுப்பறாங்க."


ஜூலை 9, செவ்வாய்
சரியான தூக்கம் இல்லை. பாட்டை மாற்ற வேண்டும் என்றேன். பிரபுவுக்கு எரிச்சல்.
"அடுத்த திங்கக்கிழமை கொடுக்கோணுமுங்க. புள்ளைங்களுக்குப் புடிச்ச பாட்டுல எதுக்குங்க கை வெக்கறீங்க?"
அவர் எடுத்த வீடியோவையே ஓட்டி, மதியச் சாப்பாட்டில் நடுவே வெறும் தரை தெரியும் இடத்தில் நிறுத்தினேன். இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். "படத்தை மாத்த நேரமில்லீங்க. வரிய மட்டும் மாத்துங்க."
'சமம்' வேண்டாம். அந்தச் சொல் யாரையும் எதுவும் செய்யச் சொல்வதில்லை.
வாங்க வேண்டியது: பால், தலைவலி மாத்திரை.
காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினேன். நெரிசல். ஒரு அம்மா ஜன்னல் ஓரம் நகர்ந்துகொண்டு யாரோ ஒரு சிறுமியைக் கூப்பிட்டார். "பக்கத்துல எடமிருக்குது, வா கண்ணு."
வரி கிடைத்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்
புதுப் பாட்டை டீச்சர் போனுக்கு அனுப்பியிருந்தோம். வகுப்பில் போட்டாராம். மதியம் கூப்பிட்டார்.
"நாலாவது படிக்கற தர்ஷினி, ஊர்ப் புள்ளதானுங்க. தட்டைத் தூக்கிட்டுத் தொட்டிப் பக்கம் போயி காலனிப் புள்ள பிரியாகூட ஒக்காந்துட்டாளுங்க!"
ஆபீஸில் கைதட்டல். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஜூலை 12, வெள்ளி
தர்ஷினிக்கு அடி. யாரோ அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரவில்லை. டீச்சர் குரலே சரியில்லை.
ஆர்.எஸ்.புரம் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்து எழுதியது நான். அடி அவளுக்கு.
பிரபு: "பழைய பாட்டையே கொடுத்துறலாமா? நீங்களே சொல்லுங்க."
ஞாயிறு வரை டைம் கேட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு
தெரியாத நம்பர். தர்ஷினியின் அம்மா. டீச்சரிடம் நம்பர் வாங்கினாராம்.
"ஏனுங்க, அந்தப் பாட்டு நீங்க எழுதுனதுங்களா?"
"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க."
"புள்ளையக் கன்னத்துல அடிச்சுப்போட்டாருங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு எங்கிட்டக் கேக்கறா. என்ன சொல்றதுன்னே தெரியலீங்க. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறனுங்க. மறுபடியும் அங்கேயே ஒக்காரட்டும்."
"அவங்க அப்பா?"
"பயமாத்தானுங்க இருக்குது."
பிரபுவிடம் சொல்லிவிட்டேன், புதுப் பாட்டுதான். நாளை முதல் பஸ்ஸில் நானும் போகிறேன். போய் என்ன செய்வேன், தெரியாது.

ஜூலை 15, திங்கள்
மழை விட்டிருந்தது. காற்று மட்டும். தர்ஷினியும் அம்மாவும் வந்தார்கள். அவள் கன்னம் இன்னும் லேசாக வீங்கித்தான் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் அம்மா வீட்டுக்குப் போகாமல் வராண்டா தூண் அருகே என்னோடு நின்றார்.
தர்ஷினி தட்டோடு நடுவிலிருந்த வெறும் தரையில் நின்றுவிட்டாள். யாரும் பாடவில்லை. தொட்டி ஓரத்தில் பிரியா தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். இவள் போய் உட்கார்ந்தாள்.
கேட்டில் பைக் சத்தம்.
"அவருதாங்க," என்றார் அம்மா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.