சின்னவள் வாசனை

மார்ச் 3, செவ்வாய்

துவைக்கப் போட்ட அவர் சட்டையில் ஒரு வாசனை. நகப்பூச்சும் அழுகத் தொடங்கிய பழமும் சேர்ந்ததுபோல ஒரு தித்திப்பு. நான் நகப்பூச்சு போடுகிறவள் இல்லை.

கேட்டேன். "பட்டறை வாசனைம்மா" என்றார். பல் செட் செய்கிறவர். அந்த மருந்து நெடியோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? இது அது இல்லை.

மார்ச் 6, வெள்ளி

என் வேலையே சந்தேகப்படுவதுதான். காப்பீட்டு அலுவலகத்தில் தீ விபத்து மனுக்களைச் சரிபார்க்கிறேன். எல்லோர் வீட்டிலும் மின்கசிவுதான். ஒருத்தர்கூட அடுப்பை மறந்ததில்லை, ஒருத்தர்கூட சிகரெட் பிடித்ததில்லை!

அவர் ஞாயிறுகளும் அப்படித்தான் இருக்கின்றன. முன்பென்றால் தன் சிநேகிதர் மீசைக்காரரோடு மைதானத்தில் ரிமோட் ஜெட் விமானம் விடப் போவார். ஜனவரியில் அது தலைகுப்புற விழுந்து, பாட்டரி வெடித்து, காய்ந்த புல்லெல்லாம் எரிந்து, தீயணைப்பு வண்டி வரவேண்டியதாயிற்று. அன்றைக்கு என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார், இனி ஜெட்டைத் தொடவே மாட்டேன் என்று. அப்புறமும் ஞாயிறு தவறாமல் கிளம்புகிறார். கேட்டால், "ஃபிரண்டு வீடு மாத்துறான், ஒத்தாசைக்குப் போறேன்." வாராவாரமா வீடு மாத்துவான் ஒருத்தன்?

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் போனார். இன்றும் அதே வாசனை.

மார்ச் 9, திங்கள்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

பால்கனியில் நின்று போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆமாம், ஒட்டுத்தான் கேட்டேன்.

"சின்னவளை விட மனசு வரல மீசை... நேத்து மறுபடியும் விழுந்ததுல வயித்துல அடி. லேசா உப்பியிருக்கு... இவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

சின்னவள். வயிறு உப்பியிருக்காம். கடவுளே! நான் என்ன குறை வெச்சேன் இந்த ஆளுக்கு? ராத்திரி பக்கத்துல படுத்து எப்படிக் குறட்டை விட முடியுது? அந்த மீசையும் கூட்டு. நம்ம வீட்டு சோஃபாவுல உக்காந்து காப்பி குடிச்ச மனுஷன்.

மார்ச் 12, வியாழன்

அக்காவிடம் சொல்லி அழுதேன். "ஏன்டி, அவர் மூஞ்சிக்கு ஒருத்தி போதாதா?" என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "கேட்டா மழுப்பிடுவார். கையும் களவுமா பிடி" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

பிடித்துவிட்டேன்.

அவர் பட்டறையில் இருக்கும்போது பீரோவைக் குடைந்தேன். பரணை நெருங்க நெருங்க அதே தித்திப்பு. ஸ்டூல் போட்டு ஏறினேன். என் கல்யாணப் புடவைகள் இருக்கும் பெட்டி. திறந்தால், புடவைகளுக்கு நடுவில் மூக்கு உடைந்த குட்டி ஜெட் ஒன்று. இறக்கையில் சிவப்புப் பெயின்ட்டில் 'சின்னவ'. பக்கத்தில் அவள் பாட்டரி, தலையணை மாதிரி உப்பிப்போய், அந்த வாசனையைக் கசியவிட்டபடி.

ஸ்டூலிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அட அற்பனே! இதுக்காடா நான் அஞ்சு நாளா சோறு இறங்காம கெடந்தேன்!

அப்புறம் எரிச்சல் வந்தது. சத்தியம் என் தலையில் அல்லவா செய்தார்? எதையும் தொடாமல், இருந்தது இருந்தபடியே பெட்டியை மூடி வைத்தேன். தடயத்தைக் கலைக்கக் கூடாது, அது எங்கள் ஆபீஸ் பழக்கம். நாளைக்கு அவரே வந்து எடுக்கட்டும், அப்போது பிடித்துக்கொள்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

அக்கா வீட்டில் இருக்கிறோம்.

நேற்று நான் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துப் போய், "மாட்டினீங்களா!" என்று கதவைத் தள்ளினேன். கட்டில்மேல் திறந்த பெட்டி. பாட்டரியைப் பெட்டியில் வைத்தபடியே சார்ஜ் போட்டிருந்தார். "வோல்டேஜ் சரியாத்தாம்மா காட்டுது" என்று தடுமாறினார்.

அவர் வாய் மூடவில்லை, அது புஸ்ஸென்றது. வெள்ளைப் புகை, அடுத்த நொடி பீறிட்டு நெருப்பு. புடவை, மெத்தை, திரைச்சீலை. பற்றி எரிந்த பெட்டியை வெறும் கையால் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். "வெளிய போ, வெளிய போ" என்று கத்திக்கொண்டே. தோல் உரிந்த கையோடு எனக்கு அடிபட்டதா என்று கேட்டார்.

சின்னவள் பொம்பளையாக இருந்திருந்தால் வீடாவது தப்பித்திருக்கும்.

சனிக்கிழமையே அதைத் தூக்கி வெளியே வைத்திருக்கலாம். தீ மனு பார்க்கிறவள் நான். உப்பிய பாட்டரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் மூடி வைத்தேன், அவரைப் பிடிக்க. இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

மார்ச் 18, புதன்

ஆபீசில் என்னாச்சு என்று கேட்டார்கள். "மின்கசிவு" என்றேன். வாய் கூசியது.

மார்ச் 20, வெள்ளி

அவர் கைக்கட்டு மாற்றும்போது, சனிக்கிழமையே பார்த்ததைச் சொல்லிவிட்டேன். "நான் ஒளிச்சேன், நீ மூடினே. ரெண்டு பேரும் சேர்ந்துதான் கொளுத்தியிருக்கோம்" என்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். படுக்கையறையில் இன்னும் கரி நெடி.

அவர் விரல்கள் மடங்கத் தொடங்கியிருக்கின்றன. இன்று என்னிடம் சொல்லிவிட்டே மைதானத்துக்குப் போய்வந்தார், மீசைக்காரர் ஜெட்டை வேடிக்கை பார்க்க. "புதுசு வாங்கினா உன் பேரு வைக்கட்டுமா?" என்றார். "விழற சாமானுக்கு என் பேரா?" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மொட்டை மாடியில் பாட்டரி போட மண் நிரப்பிய தொட்டி ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். ஒருமுறை விழுந்த பாட்டரி வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது.

சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்தேன். வெறும் வியர்வை.

மறுபடியும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் போட்டேன்.